ஏணைக்குள் கிடக்கிற பிள்ளைக்கும் கதை வேண்டும்

(சங்கத்தின் மாதர் பிரிவு கிளிநொச்சியில் கூட்டிய குடும்பச் சந்திப்பில், ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. வன்னியில் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களோடு மலையகத்திலிருந்து வந்த தோழியரும் கலந்துகொண்டார்கள். எழுத்தில் வேண்டுமென்று பலர் கேட்டதால் இங்கே தருகிறோம்.)

பிள்ளைகள் அழுதால் வெளியே கொண்டுபோக வேண்டாம். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் கூட்டம், அவர்களும் சத்தம் போடட்டும்.

சங்கக் கூட்டமென்றால் சம்பளம் கதைப்போம், வீடு கதைப்போம், காணி உறுதி கதைப்போம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது என்பதைக் கதைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு தோழர் கேட்டார், "இது கிளினிக்கில சொல்லுற விசயந்தானே அக்கா, சங்கத்துக்கு இதில என்ன வேலை?" என்று. நல்ல கேள்வி. பிள்ளைக்குப் பேச்சு வருவதற்குப் பணம் தேவையில்லை, விளையாட்டுச் சாமான் கடை தேவையில்லை. தேவைப்படுவது நேரம். முகத்தைப் பார்த்துக் கதைக்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை கொஞ்சம் நேரம். காலை ஆறரைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஏழரைக்கு மலையில் நிற்கிற தாயிடம் அந்த நேரம் இருக்கிறதா? இங்கே விடியப்புறம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற தாயிடம் இருக்கிறதா? வேலை நேரத்தைப் பற்றிக் கதைக்கத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை பிறந்த பிறகுதான் கேட்கத் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்கிறது. கடைசி மூன்று மாதத்தில் தாயின் குரல் அதற்குப் பழக்கப்பட்டுப் போகும். 1980இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைகளின் வாயில் ஒரு சூப்பியைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சூப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். பிள்ளைகள் தாயின் குரல் வருகிற மாதிரிச் சூப்பப் பழகிவிட்டன. மூன்று நாள் பிள்ளை! நாங்கள் "அதுக்கு என்ன விளங்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று சொல்கிறேன், இது எங்களுக்குச் சொந்தமான கதை மாதிரி. எங்கள் பேச்சில் 'ட' என்ற சத்தமும் 'த' என்ற சத்தமும் வேறு வேறு. இங்கிலீஷ்காரருக்கு அந்த வித்தியாசம் காதில் பிடிபடாது. இந்தியிலும் எங்களைப் போலவே இரண்டும் உண்டு. 1980களில் கனடாவில், இங்கிலீஷ் மட்டும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தியின் இந்த இரண்டு சத்தத்தையும் கேட்கவைத்துப் பார்த்தார்கள். ஆறு ஏழு மாதப் பிள்ளைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. பத்துப் பன்னிரண்டு மாதப் பிள்ளைகளால் முடியவில்லை. என்ன நடந்தது? முதல் ஆறு ஏழு மாதம் எந்த மொழிக்கும் காது திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் எது கேட்கிறதோ அதற்கென்று காது தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. ஒரு சொல்லும் பேசாத அந்த முதல் வருசத்தில்தான் பேச்சுக்கு அத்திவாரம் போடுகிறது பிள்ளை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு புண்.

எங்கள் அம்மா அப்பா மலையிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் உண்டு. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்து வந்தவர்கள் உண்டு. 1977இல் லயம் எரிந்து வந்தவர்கள் உண்டு. வந்து காடு வெட்டினோம், கிணறு வெட்டினோம், மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர் என்று ஊர்களாக இருந்தோம். ஆனால் வாயைத் திறந்தால் "தோட்டக்காட்டான்" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் "பேசுறோம்" என்றால் சிரிப்பார்கள், "கதைக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். "வூட்டுக்கு" என்றால் வகுப்பே சிரிக்கும். அதனால் என்ன ஆனது? எங்கள் பெண்கள் பலர் பிள்ளையோடு கதைக்கும்போதும் வெட்கப்படுகிறார்கள். தன் வாயில் வருகிற தமிழ் சரியில்லை, பிள்ளை அதைப் பழகினால் நாளைக்கு இவனையும் சிரிப்பார்கள் என்று பயந்து, தெரியாத பாசையில் நாலு சொல் மட்டும் சொல்கிறார்கள். சிலர் இப்போது இங்கிலீஷில் "கம், கோ, சிட்" என்கிறார்கள். அதற்கு மேல் அந்தத் தாய்க்கே இங்கிலீஷ் தெரியாது. அப்படியென்றால் அந்தப் பிள்ளை நாள் முழுக்க மூன்று சொல்தான் கேட்கிறது.

நான் முப்பது வருசத்துக்கு மேல் முன்பள்ளியில் இருந்தவள். நிச்சயமாகச் சொல்கிறேன். வீட்டில் வளமாகப் பேசிப் பழகிய பிள்ளை, தோட்டத்துத் தமிழாக இருந்தாலும் சரி, வன்னித் தமிழாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத் தமிழை மூன்று மாதத்தில் பிடித்துவிடும். சொல்லே கேட்காமல் வந்த பிள்ளைக்குத்தான் எந்தத் தமிழும் ஏறாது. உங்கள் ஆயா உங்களோடு எந்தப் பேச்சில் கொஞ்சினாவோ அதே பேச்சில் உங்கள் பிள்ளையைக் கொஞ்சுங்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். சிங்களம் பேசுகிற அப்பாவோ அம்மாவோ இருந்தால் அவர்கள் சிங்களத்தில் கொஞ்சட்டும். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிப் போகும், பேச்சுத் தாமதமாகும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

இப்போது, "பிள்ளையோடு கதையுங்கள்" என்று சொன்னால் என்ன கதைப்பது என்று கேட்கிறீர்கள். பிள்ளைதான் முதலில் தொடங்கும், கவனித்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் "ங்கா" என்று ஒரு சத்தம் போடும். அது ஒரு கேள்வி மாதிரி. நீங்கள் அதன் முகத்தைப் பார்த்து "அப்படியா ராசா, பசிக்குதா?" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கொஞ்சம் பொறுங்கள். அது திரும்ப ஒரு சத்தம் போடும். பிறகு நீங்கள். இப்படி மாறி மாறி. பந்து எறிந்து பிடிக்கிற மாதிரி. இதிலே முக்கியமானது அந்தப் பொறுத்திருக்கிற நேரம். எங்கள் பெரியவர்கள் சிலர் பிள்ளைக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் தாங்களே பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைக்கு முறை வராது. (எங்கள் கூட்டங்களிலும் அப்படித்தான் என்று பின்னால் யாரோ சொல்கிறார்கள். கேட்டது.)

1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்று செய்து காட்டினார். தாய் பிள்ளையோடு வழமை போல் சிரித்து விளையாடுவார். பிறகு சில நிமிசம் முகத்தை அசைக்காமல், பதில் கொடுக்காமல், கல் மாதிரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலைந்து மாதப் பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் போடும், திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சோர்ந்து போகும், அழும். அந்தச் சோதனையில் தாய் மறுபடி சிரித்ததும் பிள்ளையும் மெல்லத் திரும்பி வந்தது. ஒரு நாள் களைப்பில் நீங்கள் பேசாமல் இருந்தால் பிள்ளை கெட்டுப் போகாது, பயப்பட வேண்டாம். நாள் தவறாமல் பதில் கிடைக்காத பிள்ளைதான் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அதை "நல்ல அடக்கமான பிள்ளை, சத்தமே இல்ல" என்று நாங்கள் மெச்சுகிறோம்.

வன்னியில் இந்த அடக்கத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. இன்றைக்கு இருபத்தைந்து, முப்பது வயதில் கைக்குழந்தையோடு இருக்கிற தாய்மார் 2009இல் எத்தனை வயது? பத்து, பதினான்கு. பங்கருக்குள் இருந்து வளர்ந்தவர்கள். அங்கே அம்மா சொன்ன முதல் பாடம் "சத்தம் போடாதே" என்பதுதான். அதற்குப் பிறகு மெனிக் பாம் கூடாரத்தில், ஒரு சீலைக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம் படுத்திருக்க, அங்கேயும் மெதுவாகத்தான் பேச வேண்டும். அப்படி வளர்ந்த பெண் தன் பிள்ளையை மார்போடு அணைத்து வைத்திருக்கிறாள், வடிவாகக் குளிப்பாட்டுகிறாள், பால் கொடுக்கிறாள், ஆனால் பேச்சு வரவில்லை. அன்பில்லை என்று சொல்லாதீர்கள். வாய் பூட்டிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட மகளோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பிள்ளையோடு பேசுங்கள், அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளை பெற்ற பிறகு வாரக்கணக்காக அழுகை, நித்திரையில்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்று இருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. வீட்டுக்கு வருகிற குடும்பநல மாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்ன பேசுவது என்றால், செய்கிற வேலையைப் பேசுங்கள். அரிசி கழுவும்போது "தண்ணி குளிருது, பார்" என்று ஒரு துளி கையில் வையுங்கள். உடுப்புத் தோய்க்கும்போது "இது அப்பாவின்ட சேட், இது உன்ட சட்டை" என்று எடுத்துக் காட்டுங்கள். கச்சான் உடைக்கும்போது எண்ணுங்கள், ஆனால் கச்சானை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்ட வைக்காதீர்கள், புரைக்கேறிச் சுவாசக் குழாயில் அடைத்துவிடும். ஏணையை ஆட்டும்போது அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏணை நல்லது, பிள்ளை நித்திரை கொள்ளும். ஆனால் முழித்திருக்கிற பிள்ளையை அதற்குள்ளே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால், நாலு பக்கமும் சீலைதான் அதற்குத் தெரியும். முழித்தால் வெளியே எடுத்துப் பாயில் போடுங்கள், மனிதர் முகம் தெரிகிற இடத்தில். கை மேலே நண்டு ஊருகிற விளையாட்டு, நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறது, சீலைத் தலைப்பால் முகத்தை மூடித் திறக்கிறது, இதெல்லாம் எங்கள் பாட்டிமார் எந்தப் புத்தகத்திலும் படித்துச் செய்ததில்லை. மலையில் பாடின தாலாட்டும் அப்படித்தான். பங்குனி வெயிலில் மலையேறிக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, கங்காணியைத் திட்டுகிறதையும் தாலாட்டுக்குள் வைத்துப் பாடின பெண்கள் எங்கள் பெண்கள். பிள்ளைக்குப் பாட்டு, அவர்களுக்கு ஆறுதல்.

அப்பாமாரைப் பார்த்து ஒரு வார்த்தை. பிள்ளை பேசப் பழகுவது பெண்கள் பாடு என்று பின்வரிசையில் இருந்து போன் பார்க்கிறீர்கள். பொழுதுபட்டு வீட்டுக்கு வந்தால் கால் மணித்தியாலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றிக் காட்டுங்கள். மாடு, கோழி, பனை, தண்ணீர்த் தாங்கி. கசிப்பு வாசத்தோடு வந்தால் பிள்ளை முகத்தைத் திருப்பும், அது உங்களுக்கே தெரியும்.

போனைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கூட்டம் முழுமையாகாது. சோறூட்ட போன், அழுதால் போன், அம்மா சமைக்க போன். தாயைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. தனியே சமைத்து, தண்ணீர் அள்ளி, வேலைக்கும் போகிறவளுக்கு வேறு யார் துணை? ஆனால் அது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். 2003இல் பட்ரீசியா கூல் என்பவர் ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சீன மொழி கேட்கவைத்தார். ஒரு கூட்டம் பிள்ளைகளோடு ஒரு சீனப் பெண் நேரில் இருந்து விளையாடிப் பேசினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சு டீவியில். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம். நேரில் கேட்ட பிள்ளைகள் சீன மொழியின் சத்தங்களைப் பிடித்தன. டீவியில் பார்த்தவை ஒன்றும் பழகவில்லை, சீனமே கேட்காத பிள்ளைகள் போலவே இருந்தன. கண் கொட்டாமல் பார்த்தன, அவ்வளவுதான். திரைக்குள்ளே இருக்கிற ஆள் பிள்ளையின் "ங்கா"வுக்குப் பதில் சொல்ல மாட்டாள், அதுதான் காரணம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற அப்பாவோ, குவைத்தில் இருக்கிற அம்மாவோ வீடியோவில் கூப்பிட்டுக் கொஞ்சுகிறது வேறு விசயம். அதிலே பதில் வருகிறது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "அம்மா பார், அம்மாவுக்குக் கை காட்டு" என்று சொல்லிக் கொடுங்கள்.

இனி வயிற்றுக்கு வருகிறேன். 2016இல் அரசாங்கம் எடுத்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 17 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத் துறையில் ஏறக்குறைய 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை! இதை "எங்க பரம்பரை கட்டை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உயரம் குறைகிற அதே பற்றாக்குறை மூளையையும் பிடிக்கிறது. மூன்று வயதுக்குள் மூளை வளர்ந்தவருடைய அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் இரும்புச் சத்து இல்லையென்றால், முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை இல்லையென்றால், பிறகு ஈடுசெய்வது கஷ்டம். கிளினிக்கில் தருகிற திரிபோஷவை முழு வீடும் பங்கு போட்டுச் சாப்பிடுகிறது நமக்குத் தெரியும். அது பசி, அதை நான் ஏசப் போவதில்லை. சம்பளப் பேச்சு மேசையில் அந்த 32 வீதத்தையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆனால் ஒரு கதை கேளுங்கள். ஜமேக்கா என்று ஒரு நாடு. அதுவும் தோட்ட நாடு, கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளாகக் கொண்டுபோன மக்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிற இடம். அதன் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1986, 87இல் சாலி கிரந்தம் மக்கிரெகர் என்ற வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான பிள்ளைகள். சிலருக்குக் கிழமைக்குக் கிழமை பால்மா. சிலருக்குப் பால்மா இல்லாமல், கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒரு பெண் வீட்டுக்கு வருவார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு இரண்டும் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் பட்டதாரி இல்லை. எங்கள் குடும்பநல மாதுவுக்கு உதவியாளர் மாதிரி, அதே ஊர்ப் பெண். கையில் வெறும் போத்தல், மூடி, மட்டைப் பெட்டி, துணியில் தைத்த பொம்மை. தாயையும் பிள்ளையையும் பாயில் இருத்தி விளையாடுவார். தாய்க்கு, "இப்ப நீங்க செய்து பாருங்க" என்பார். நல்லதாகச் செய்தால் மெச்சுவார். அந்த விளையாட்டுச் சாமானை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த கிழமை வந்து வேறு கொடுத்து மாற்றிக்கொண்டு போவார். இப்படி இரண்டு வருசம். அவ்வளவுதான்.

இருபது வருசம் கழித்து, அந்தப் பிள்ளைகள் இருபத்திரண்டு வயதில் உழைக்கும்போது தேடிப் போய்ப் பார்த்தார்கள். அந்த விளையாட்டுக் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களை விட 25 வீதம் கூடுதலாக உழைத்தார்கள். உயரக் குறைவில்லாமல் வளர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த மாற்றம் நிற்கவில்லை. இதைச் சொல்லி, "சாப்பாடு முக்கியமில்லை" என்று எந்தத் துரையாவது வந்து கதைத்தால் நம்பாதீர்கள். பட்டினியைத் தாய் உண்டாக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்காகச் சண்டை போடுகிற வருசங்களில் பிள்ளை வளராமல் காத்திருக்காது. அந்த வருசங்களில் உங்கள் கையில் இருக்கிற ஒன்று இது. இருபத்தைந்து வீதச் சம்பள உயர்வை நாங்கள் எத்தனை வேலைநிறுத்தம் செய்து வாங்கியிருக்கிறோம் என்று தோழர்கள் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, பேச்சு வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது. நான் ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுக்கிறது. தடுப்பூசி போடுகிற மாதங்கள் உங்களுக்குத் தெரியும். ஊசிக்குப் போகும் முதல் நாள் இரவு பிள்ளையைக் கவனியுங்கள். இரண்டாம் மாத ஊசிக்கு, முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா? நாலாம் மாதம், நீங்கள் பேசினால் சத்தம் போட்டுப் பதில் தருகிறதா? ஆறாம் மாதம், பின்னால் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறதா? ஒன்பதாம் மாதம், "பாபாபா, மாமாமா" என்று அடுக்கிச் சொல்கிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறதா? பன்னிரண்டாம் மாதம், விரலால் காட்டுகிறதா, கை அசைத்து "டாட்டா" காட்டுகிறதா, ஒரு சொல்லாவது வருகிறதா? பதினெட்டாம் மாதம், "பந்து எடுத்து வா" என்றால் விளங்கிக்கொண்டு போகிறதா, கொஞ்சச் சொற்கள் இருக்கிறதா? இரண்டு வயதில் ஊசி இல்லை, ஆனாலும் பாருங்கள், "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். மூன்று வயதில் அயலட்டை ஆட்களுக்கும் அதன் பேச்சு பெரும்பாலும் விளங்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி, ஒரு மாதம் முன்னப் பின்ன இருக்கும். ஆனால் ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, அடுக்குச் சத்தமும் இல்லை என்றால், இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை என்றால், அல்லது வந்த பேச்சு நின்று போனால், எந்த வயதிலும், காத்திருக்க வேண்டாம். "ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்", "இவன்ட அப்பாவும் நாலு வயசிலதான் வாய் திறந்தார்", "நாக்கில நூல் இருக்கு, வெட்டினால் சரி", இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. எங்கள் முன்பள்ளிக்கு மூன்றரை வயதில் ஒரு பிள்ளை வந்தது. முரட்டுப் பிள்ளை, சொல் கேட்காது, அடித்தாலும் திருந்தாது என்றார்கள் வீட்டில். அதன் காதில் நாட்பட்ட சீழ். அது சொல் கேட்காத பிள்ளை என்று அவர்கள் சொன்னது சரிதான், அதற்கு உண்மையிலேயே கேட்கவில்லை! காதுக்கு வைத்தியம் பார்த்த பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. அந்த அடிகளை யார் திருப்பி எடுப்பது? காதில் சீழ் வந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியில் நிறை எழுதுகிற பக்கத்தோடு, பிள்ளை என்னென்ன செய்கிறது என்று பார்க்கிற பக்கமும் இருக்கிறது. அதைத் திறந்து வைத்து மாதுவிடம் கேளுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார், அங்கிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு. போகிற பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும், தெரியும். ஆறு மாதம் பிந்தினால் அதைவிடக் கூடப் போகும்.

இனிச் சங்கம் செய்ய வேண்டியது. இது புதிய கோரிக்கை இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் வவுனியாவில் இருந்து வேலை செய்த காந்தீயத்தை வயது போனவர்களுக்கு நினைவிருக்கும். கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்தியது. கலவரத்தில் அடிபட்டு வந்த தோட்ட மக்களைக் குடியேற்றினார்கள். காணியும் கிணறும் மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. கிராமத்துக்குக் கிராமம் முன்பள்ளி திறந்தார்கள், எங்கள் பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுத்து ஆசிரியைகளாக்கினார்கள். என் அக்கா முறையான ஒருவர் அப்படிப் பழகினவர், எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தது அவர்தான். 1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்தார்கள், அந்த ஜூலை 27இல் இராஜசுந்தரத்தை வெலிக்கடைச் சிறையில் கொன்றார்கள். முன்பள்ளிகளும் சிதறிப் போயின. சோற்றுக்கே வழியில்லாத குடியேற்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆள் வைக்க வேண்டும் என்று யோசித்த மனிதர்கள் அவர்கள்.

சட்டத்தில் ஏற்கனவே இருப்பதை முதலில் வாங்குங்கள். பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் லீவு. 2018இல் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்றார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தரம் பாலூட்ட விட வேண்டும். பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். தாய் கேட்கிற நேரத்துக்கு. மலையில் இருந்து வந்த அக்காமாரே, உங்களில் எத்தனை பேர் அந்த அரை மணித்தியாலத்தை முழுசாக எடுத்தீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்... பார்த்தீர்களா. தொங்கல் மலையில் இருந்து மடுவத்துக்கு இறங்கி ஏறவே அரை மணி போய்விடுகிறது, நிறையும் குறைகிறது. நடக்கிற நேரம் அந்த இடைவேளைக்குள் சேரக் கூடாது, அந்த நாளில் கொழுந்து நிறை குறைந்ததற்குப் பேரை வெட்டக் கூடாது என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதக் கேளுங்கள்.

பிள்ளைமடுவத்துக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பேர் மாற்றியிருக்கிறார்கள். சுவரில் படம் கீறியிருக்கிறார்கள், சந்தோசம். ஆனால் ஒரு ஆள் எத்தனை கைப்பிள்ளையைப் பார்க்கிறார்? பத்துப் பிள்ளைக்குப் பால் கரைத்து, துணி மாற்றி, தொட்டில் ஆட்டுகிற ஒருவரால் எந்தப் பிள்ளையின் "ங்கா"வுக்குப் பதில் சொல்ல முடியும்? கைப்பிள்ளைகளுக்குத் தனியாக ஆள் வேண்டும். பாட்டியம்மா ஒருவரைக் கூலி கொடுத்துப் பாயில் உட்கார்த்தி வைத்தால்கூடப் போதும் என்பேன் நான். வன்னியில் அதுவும் இல்லை. வெங்காயம் நடுகிற, புல்லுப் பிடுங்குகிற நாட்கூலிப் பெண் பிள்ளையை வரம்பில் மரநிழலில் படுக்க வைக்கிறாள், அல்லது ஏழு வயது அக்காவைப் பள்ளிக்கூடம் மறித்துக் காவல் வைக்கிறாள். அப்போது இரண்டு பிள்ளையின் படிப்புப் போகிறது. முன்பள்ளி ஆசிரியைகளின் நிலைமையும் தெரியும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறவருக்கு ஒரு தொகை, அதே ஊரில் மற்றவருக்கு பஸ் காசுக்கும் காணாத கொடுப்பனவு. இருவரும் ஒரே வேலைதான் செய்கிறார்கள். இந்த மூன்று விசயத்தையும் மாதர் பிரிவு தீர்மானமாக எழுதித் தர இருக்கிறது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள், வாசிக்காமல் வைக்க வேண்டாம்.

நான் கொண்டு வந்த பையில் போத்தல் மூடி, மட்டை, துணிப் பொம்மை இருக்கிறது. தேத்தண்ணீர் குடித்த பிறகு எப்படிச் செய்வதென்று காட்டுகிறேன். காது, பேச்சு என்று பிள்ளையைப் பற்றி யோசனையோடு வந்திருக்கிற தாய்மார் இருந்தால் முதலில் என்னிடம் வாருங்கள், கிளினிக் கொப்பியையும் எடுத்து வாருங்கள். தூர இடத்துக்காரர் முன்னுக்கு வரட்டும். மூன்றரை பஸ்ஸை விட்டால் பிறகு இருட்டில்தான்.